கட்டைக்கு எண்ணெய்

எங்கள் லோடு ஆட்டோ ஏரிக்கரை இறக்கத்தில் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்ற நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். தப்பு என் காலிலா, வண்டியிலா? வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. சோறு வடிக்கும்போதுகூட வலது கால் தானாகத் தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்துகொண்டிருந்தேன். இறக்கத்தில் நாலைந்து ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராக நிற்க வேண்டியதுதானே? நிற்காமல், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி வலது பக்கமாகப் போனது. ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்துப் பிடித்தும் கேட்கவில்லை. எதிரே டவுன் பஸ். அந்த டிரைவர் புண்ணியவான், அவர் நிறுத்திவிட்டார். நான் ரோட்டை முழுசாகக் கடந்து ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு மூட்டை சரிந்து வெங்காயம் ரோட்டில் உருண்டது. ஆடுகளுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.

பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "யாரு, பொம்பளையா ஓட்டுது?" என்று கேட்டார். பக்கத்து சீட்டில் இருந்தவர், "அதான்" என்றார்.

அந்த "அதான்"தான் எனக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் மோதியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே அந்த ஆளை மனசுக்குள் வைத்துத் திட்டித் தீர்த்தேன்.

வண்டி எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வாங்கியது. வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர். லைசென்ஸ் உண்டு, ஆனால் பஸ் ஹார்ன் அடித்தாலே எரிச்சல் வந்துவிடும் அவருக்கு. அதனால் ஓட்டுவது நான். முதலில் வேறு வழியில்லாமல்தான் கற்றுக்கொண்டேன். பிறகு பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் போதாது. ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் எங்கே நின்று டீ குடிப்பது, எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் என் முடிவு. என் வாழ்க்கையில் அப்படி என் முடிவுக்கு விடப்பட்ட வேறு விஷயம் அதிகமில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீடுதான். "திங்கட்கிழமையிலேருந்து ஓட்டுறதுக்கு ஒரு ஆளுகிட்ட சொல்லிட்டேன். உசுரு போனா வருமா? நீ வூட்டைப் பாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட்டறையில பிரிச்சுப் பாக்கணும் மாமா. நானும் கூட இருந்து பாக்கணும்" என்றேன்.

"பாத்துட்டு?"

"வண்டில தப்பில்ல, என் கால்லதான் தப்புன்னா நானே சாவியைக் குடுத்துடுறேன்."

வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம்தான். ஆடுகளைப் பார்த்ததும் பயத்தில் ஹேண்டிலை நானே வலப்பக்கம் திருப்பியிருப்பேனோ? நினைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட நினைவு தேய்ந்து, கடைசியில் எதை நம்புவதென்றே தெரியாமல் போய்விட்டது.

துறையூர் ரோட்டோரம் ஒரு பட்டறை. அதை நடத்துகிறவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை வீட்டுக்காரரே மெதுவாக ஓட்டி வந்தார், நான் ஒடுங்கிக்கொண்டு பக்கத்தில். பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பின்னாடி ரெண்டையும் பிரிச்சிடலாம்" என்றார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரம் உருளாமல் இருக்க ஒரு கல்லை வைத்தார்.

முதலில் வலது பக்கம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரம்மின் விளிம்பில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். சட்டி மாதிரி இருந்த அந்த டிரம் கையோடு வந்தது. உள்ளே பார்த்த எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பாரத்தை நிறுத்துகிற சாமான் என்றால் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாக உடைந்த வளையல் மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள், அவற்றின் முதுகில் ஒட்டிய ஒரு பட்டை, நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர், இரண்டு ஸ்பிரிங். அவ்வளவுதான்.

"இவ்ளோதானா பாய்?"

"இவ்ளோதாம்மா. இந்த ரெண்டு இரும்புக்கும் பேரு கட்டை. நீங்க மிதிச்சா இந்த சிலிண்டர் ரெண்டு கட்டையையும் வெளிய தள்ளும். கட்டை போய் டிரம்மோட உள்சுவத்துல ஒரசும். ஒரசுனா நிக்கும். வுட்டா ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கும்."

ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுத்தார். காற்றடித்து ஊதக் கூடாதாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது என்றார். கட்டைகள் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கவனித்தேன். ஒன்று ரொம்பத் தேய்ந்திருந்தது. இன்னொன்று அவ்வளவு தேயவில்லை. ஒரே சக்கரத்துக்குள் ஒரே மிதியில் வேலை செய்கிற இரண்டு கட்டை எப்படி வேறு வேறாகத் தேயும்? கேட்டேன்.

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இதை யாரும் கேக்க மாட்டாங்களே" என்றவர், டிரம்மை எடுத்து ஒரு கட்டையின் மேல் வைத்துச் சுழற்றிக் காட்டினார். முன்னால் இருக்கிற கட்டையைச் சுழல்கிற டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளுமாம். பின்னால் இருக்கிறதைத் தள்ளித்தான் விடுமாம். கதவுக்கு அடியில் செருகிய மரத்துண்டு எனக்கு ஞாபகம் வந்தது. கதவு வருகிற பக்கம் இறுகும், போகிற பக்கம் விட்டுவிடும். அதைச் சொன்னேன். "அதேதான்" என்றார். எனக்குக் கேள்வி கேட்கப் பிடித்துப்போய்விட்டது. வந்த காரியத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

வலது பக்கத்தில் வேறு குறையில்லை. கட்டை தேய்ந்திருக்கிறது, ஆனால் பிடிக்கிறது.

இடது பக்கத்து டிரம்மைக் கழற்றியதும் பாய் "அட" என்றார். உள்ளே எல்லாம் நனைந்து கிடந்தது. தூசி காய்ந்த தூளாக இல்லாமல் கறுப்புச் சேறாக அப்பியிருந்தது. கட்டையின் பட்டை மினுமினுவென்று இருந்தது. விரலை வைத்தால் வழுக்கியது.

"சிலிண்டர் லீக்கு. பிரேக் ஆயில் கசிஞ்சு கட்டையில எறங்கியிருக்கு. இந்தச் சக்கரம் பிடிக்கவே இல்ல. வலது மட்டும் பிடிச்சிருக்கு. அதான் இழுத்திருக்கு" என்றார்.

அந்த "அதான்" எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா! என் கால் இல்லை. நான் ஹேண்டிலைத் திருப்பவில்லை. அங்கேயே, கிரீஸ் படிந்த தரையில் உட்கார்ந்து அழுதுவிடுவேன்போல் இருந்தது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. இவருக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பாய் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பி உள்ளே பார்த்தார். காய்ந்து கிடந்தது. எழுந்து போய் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். குறையவே இல்லை. அச்சுப் பக்கத்து ஆயில் சீல் ரப்பரையும் தடவிப் பார்த்தார். அதுவும் நன்றாக இருந்தது. "அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கே விளங்கவில்லை.

நான் அந்தக் கறுப்புச் சேற்றைக் கொஞ்சம் தொட்டு விரலில் தேய்த்தேன். பிசுபிசுவென்று கொழகொழப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சூட்டு வாடைக்கும் தூசி வாடைக்கும் அடியில் இன்னொரு வாடை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. வருஷா வருஷம் தேர் சமயத்தில் எங்கள் வீடு முழுக்க அடிக்கிற வாடை.

"பாய், இது வெளக்கெண்ணெய்."

பாய் சிரித்துவிட்டார். "பிரேக்குக்கு யாரும்மா பேதி மருந்து குடுப்பா?"

"நான்தான் ஊத்தினேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்த் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேருக்கு முட்டுக்கட்டை போடுவது எங்கள் வீட்டுக்காரரின் குடும்பத்துக்கு உள்ள உரிமை. இப்போது முன்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் இவர்தான். ஊரே வடம் பிடித்து இழுக்க, ஆள் உயரச் சக்கரம் உருண்டு வரும்போது, சரியான நேரத்தில் கட்டையைச் செருக வேண்டும். கை நடுங்கினால் தீர்ந்தது. அந்தக் கட்டையின் முகத்தில் விளக்கெண்ணெய் தடவித்தான் போடுவார்கள். காய்ந்த கட்டையில் சக்கரம் ஏறினால் கீச்சென்று கத்தும், புகையும், சிக்கிக்கொண்டு எடுக்க வராது. அதனால் கட்டை கத்தினால் எண்ணெய். இது அவருக்குச் சின்ன வயதிலிருந்து கையில் ஊறிய விஷயம்.

வண்டியின் இடது சக்கரம் கொஞ்ச நாளாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூட்டை ஏற்ற நான் அரியலூர் போய் வருகிறவள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் போனால் வண்டி, முடி, புருவம் எல்லாம் வெளுத்துவிடும். அந்தத் தூள் டிரம்முக்குள் போய்க் கத்தியிருக்கிறது. நான் வீட்டில் புலம்பியிருக்கிறேன். இவர் டீக்கடையில் ஒரு லாரி டிரைவரிடம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் போகிறபோக்கில், "கட்டை காஞ்சு போயிருக்கும், அதான் கத்துது" என்று சொல்லியிருக்கிறார்.

கட்டை. காஞ்ச கட்டை. கத்துகிற கட்டை. இவருக்கு வேறு என்ன தோன்றும்?

"பின்பக்கத் தகட்டுல ரப்பர் வெச்சு அடைச்ச ஓட்டை ஒண்ணு இருந்துச்சு பாய். எண்ணெய் விடத்தான் வெச்சிருக்கானுவன்னு நெனச்சேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அது அட்ஜஸ்ட் பண்றதுக்கு வெச்ச ஓட்டை தம்பி!" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றுபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தூசி தானாக உதிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இவர் எண்ணெய் ஊற்றிவிட்டு, நான் கண்டுபிடித்துச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை என்றதும் சொல்லாமலே விட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். "பஸ் நிக்காம வந்திருந்தா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் குனிந்து அந்த இடது கட்டையைக் கையில் எடுத்தார். வழுக்குகிற முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் வலது பக்கத்துக் கட்டையை எடுத்துத் தடவினார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"தேரு வலப்பக்கம் திரும்பணும்னா வலது சக்கரத்துக்கு மட்டுந்தான் கட்டை போடுவோம். அந்தப் பக்கம் தேங்கும். இந்தப் பக்கம் ஓடும். மொகம் திரும்பிடும்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நானேதான் உன்னைத் திருப்பி வுட்டிருக்கேன் புள்ள."

பாய்க்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் கோபம் பாதியில் நின்றது. அவர் தப்பாகச் செய்தார் என்பதைவிட, அது எப்படித் தப்பாக ஆனது என்று அவரே கண்டுபிடித்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டுக்கும் பேர் கட்டை. இரண்டும் சக்கரத்தோடு உரசுவதுதான். ஆனால் தேர்க்கட்டை உரசிவிட்டு வழிவிட வேண்டும், பிரேக் கட்டை உரசி விடாமல் பிடிக்க வேண்டும். பேரை ஒன்றாக வைத்தவன் இதை யோசித்திருக்க மாட்டான்.

"பெட்ரோல்ல கழுவிப் போடலாமா பாய்?" என்று கேட்டேன்.

"முடியாதும்மா. எண்ணெயைக் குடிச்ச கட்டை, சூடானா திரும்பக் கக்கும். புதுசுதான். ரெண்டு பக்கமும் மாத்தணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா திரும்பவும் இழுக்கும்."

டிரம்மைக் கழுவித் துடைத்து, உள்சுவரை விரல் நுனியால் சுற்றி வந்து பார்த்தார். பள்ளம் இல்லை. புதுக் கட்டைகளை உட்காரவைத்து ஸ்பிரிங்கை மாட்டும்போது ஒன்று எகிறிச் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து தேடினோம். வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்துத் துடைத்துக் கொடுத்தார். ஏதாவது செய்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டிரம்மைப் போட்டு முடித்ததும், பின்பக்கத் தகட்டு ஓட்டையை அடைத்திருந்த அந்த ரப்பரைப் பிடுங்கினார் பாய். ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்ப, உள்ளே பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் கிடுக் கிடுக்கென்று திரும்பியது. அது திரும்பத் திரும்பக் கட்டைகள் விரிந்து டிரம்மை நெருங்குமாம். சக்கரம் சுற்றவே முடியாமல் இறுகும்வரை விரித்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கையால் சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்தார்.

"கேளுங்க. லேசா சர்ருன்னு வருதா? அது இருக்கணும். சத்தமே இல்லன்னா கட்டை தூரத்துல நிக்குதுன்னு அர்த்தம். சுத்தவே முடியலன்னா புடிச்சுக்கிட்டே ஓடும், சூடாயிடும்."

"இன்னொரு பக்கம் நான் பண்றேன் பாய்" என்றேன்.

கொடுத்தார். இறுக்குவது சுலபம். தளர்த்துவதில்தான் சூட்சுமம். ஒரு பல் கூடத் தளர்த்திவிட்டேன், சத்தம் போய்விட்டது. திரும்ப ஏற்றினேன். சக்கரத்தைச் சுற்றினேன். முறத்தில் அரிசி நகர்கிற மாதிரி மெல்லிசாக ஒரு உரசல். பாய் தலையாட்டினார். அந்தச் சத்தத்தை இன்னும் இரண்டு முறை சுற்றிக் கேட்டேன். தேவையே இல்லைதான், ஆசைக்காகக் கேட்டேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் சாவியை என்னிடம் நீட்டினார். ஹேண்டிலைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு மிதித்தேன். வண்டி இருந்த கோட்டிலேயே நின்றது. திரும்பவும் ஓட்டி நிறுத்தினேன். திரும்பவும். எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டியது நான். பாதி வழி வந்திருப்போம். அவர் மெதுவாக, "அண்ணன்கிட்ட சிலிண்டர் லீக்குன்னு சொல்லிக்கலாமா?" என்றார்.

எனக்குப் புரிந்தது. அடுத்த மாதம் தேர். முன்சக்கரத்துக் கட்டைக்காரர், நிற்க வேண்டிய வண்டிக்கு எண்ணெய் ஊற்றி வழுக்கவிட்டார் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? கிண்டலோடு போனால் பரவாயில்லை. கட்டையை வேறு கையில் கொடுங்கள் என்று யாராவது கிளப்பினால் இவர் உடைந்துபோய்விடுவார். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். சிலிண்டர் லீக் என்று சொன்னாலும் என் கால் தப்பித்துவிடும். எனக்கு அது போதும்.

"சொல்லிக்குங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வாசலில் அண்ணன்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஓட்ட வரவேண்டிய ஆள். பங்காளிகள் இரண்டு மூன்று பேர். நான் ஓட்டி வந்ததைப் பார்த்ததும் அண்ணன்காரர் முகம் சுருங்கியது.

"என்னடா சொன்னாரு பாய்? வண்டில ஒண்ணும் இருந்திருக்காதே. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. மிரண்டு போயி ஹேண்டிலைத் திருப்பியிருக்கும் இது."

வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி நின்றார். சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று நான், "சிலிண்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"அவ திருப்பலை" என்றார் அவர். "நான் பிரேக் கட்டைக்கு வெளக்கெண்ணெய் ஊத்திட்டேன். தேருக்கு ஊத்துற மாதிரி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பங்காளிகள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு புரையேறி இருமினார். ஓட்ட வந்த ஆள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினார். அண்ணன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அடப்பாவி. இந்தக் கையை நம்பியா ஊரு தேரை இழுக்குது?"

இதைத்தான் அவர் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். அவர் காது சிவந்துவிட்டது, ஆனால் தலையைக் குனியவில்லை.

"தேரு எனக்குத் தெரியும்ணே. வண்டி தெரியல. அவளுக்குத் தெரியும். ஓட்ட அவளே போவா" என்றார். சொல்லிவிட்டு, ஓட்ட வந்த ஆளைப் பார்த்து, "நீங்க கோச்சுக்காதீங்க, டீ சாப்புட்டுப் போங்க" என்றார்.

சிரிப்பு அடங்கவே இல்லை. பஸ் ஜன்னலில் கேட்ட "அதான்" முதல் இத்தனை நாளும் என் தலையில் விழுந்த சிரிப்பை அவர் கூப்பிட்டுத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ போட உள்ளே போகிற சாக்கில் அவரைக் கடந்து போனேன். எல்லாரும் பார்க்க அவர் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டுத்தான் போனேன்.